நாவின் நிலை கண்ட நன்னூலார் பவணந்தி முனிவர்

தமிழுக்குச் சமணச் சான்றோர் ஆற்றிய தொண்டினைப் பேசப் புகும்போது நாம் பெரும்பாலும் காப்பியங்களையே முதற்கண் நினைவுகூர்கின்றோம். சீவக சிந்தாமணியும் சூளாமணியும் மேருமந்தர புராணமும் நம் இல்லங்களில் போற்றப்படுவன. எனினும் திண்ணைப் பள்ளிகளிலும் மடங்களிலும் பல நூற்றாண்டுகளாக இடையறாது பயிலப்பட்ட நம் நூல் ஒன்று உண்டு. சைவரும் வைணவரும் கிறித்தவரும் சமய வேறுபாடின்றி அதனை ஓதினர். அதுவே நன்னூல். அதனை இயற்றியவர் அருக நெறியில் நின்ற பவணந்தி முனிவர்.

அம்முனிவரின் வரலாற்றையும், அவர் நூலுள் எழுத்துகளின் பிறப்பைக் கூறும் சிறு பகுதியின் சிறப்பையும் இக்கட்டுரையில் எடுத்துரைக்க விரும்புகின்றோம். நன்னூலில் எத்தனையோ பகுதிகள் இருக்க, இதனைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. உயிரெழுத்துகளை ஒலிக்கையில் வாயும் நாவும் இதழும் எந்நிலையில் அமைகின்றன என்பதை அப்பகுதி கூறுகின்றது. நான்கைந்து மொழிகள் ஒரே தெருவில் ஒலிக்கும் ஓசூரில் பிள்ளைகளை வளர்க்கும் நமக்கு அது இன்று பெரிதும் வேண்டப்படுவது.

கங்கர் நாடும் சனகை நகரும்

ஓசூரில் வாழும் நமக்குப் பவணந்தியாரின் வரலாறு அயலூர் வரலாறு அன்று. அண்டை ஊர் வரலாறே ஆகும். ஓசூருக்கு வடகிழக்கே, காலையில் சென்று மாலையில் திரும்பத்தக்க தொலைவில் கோலார் நகரம் உள்ளது. அதன் பழம்பெயர் குவளாலபுரம். மேலைக் கங்க மன்னர்களுக்கு முதலில் தலைநகராக விளங்கியது அதுவே. பின்னர் அவர்கள் காவிரிக் கரையிலுள்ள தலைக்காட்டிற்குத் தலைநகரை மாற்றினர். கங்கர் சமண சமயத்தைப் பேணியவர்கள் என்பதை நாம் அறிவோம். பத்தாம் நூற்றாண்டின் இறுதியில் சிரவணபெளகொளாவில் கோமதேசுவரர் திருவுருவத்தை எழுப்பிய சாமுண்டராயர் கங்க அரசின் அமைச்சரே.

கி.பி. 1000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் கங்க நாடு சோழர் வசமாயிற்று. பேரரசு போயினும் குலப்பெயர் போகவில்லை. கங்கர் வழியினர் எனத் தம்மைக் கூறிக்கொண்ட சிற்றரசர்கள் சோழருக்குக் கீழ்ப்படிந்து ஆண்டு வந்தனர். அவர்களுள் ஒருவன் சீயகங்கன். சீயம் என்பது சிங்கம். அமராபரணன் என்னும் சிறப்புப் பெயரும் அவனுக்கு உண்டு. குவளாலபுரத்தின் தலைவன் என்பது அவன் பெருமையுடன் தாங்கிய பட்டம். அவன் 1178 முதல் 1218 வரை ஆண்ட மூன்றாம் குலோத்துங்க சோழன் காலத்தவன். இச்சிற்றரசனே நன்னூல் தோன்றக் காரணமாக இருந்தவன். ஆதலின் பவணந்தியாரும் 12-ஆம் நூற்றாண்டின் இறுதியையும் 13-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தையும் சார்ந்தவர் எனக் கொள்வது அறிஞர் வழக்கு.

முனிவரைப் பற்றி நமக்குக் கிடைக்கும் செய்திகள் பெரும்பாலும் நன்னூலின் சிறப்புப் பாயிரத்தில் அமைந்தவை. அவருடைய ஊர் சனகை எனப்படும் சனகாபுரம். அவ்வூர் எது என்பதில் பலர் பலவாறு கூறுவர். கொங்கு நாட்டுப் பெருந்துறைக்கு அருகிலுள்ள சீனாபுரமே அது என்பர் ஒரு சாரார். மைசூர்ப் பகுதியைச் சுட்டுவோரும் தொண்டை நாட்டைச் சுட்டுவோரும் உளர். பாயிரம் அவரைச் சன்மதி முனிவரோடு சேர்த்துக் கூறுகின்றது. அத்தொடரை மகன் என்றும் மாணாக்கர் என்றும் இருவகையாகப் பொருள் கொள்வர். சன்மதி என்பது மகாவீர வர்த்தமானரின் திருநாமங்களுள் ஒன்று என்பதை நம் சிறுவர்களுக்கும் சொல்லி வைக்கலாம்.

தமிழின் ஐந்திலக்கணத்தையும் எளிதில் உணருமாறு ஒரு நூல் செய்து தருக எனச் சீயகங்கன் வேண்டினான் என்று பாயிரம் கூறும். எழுத்து, சொல், பொருள், யாப்பு, அணி என்னும் ஐந்தனுள் இன்று நமக்குக் கிடைப்பவை எழுத்தும் சொல்லுமே. பாயிரத்தோடு கூடி அவை 462 நூற்பாக்களாக அமைந்துள்ளன. எழுத்ததிகாரத்தில் ஐந்து இயல்கள்; சொல்லதிகாரத்தில் ஐந்து இயல்கள். தொல்காப்பியம் விரித்துரைத்ததைச் சுருக்கியும், காலப்போக்கில் மொழியில் நேர்ந்த மாற்றங்களை ஏற்றும், மாணாக்கர் மனனம் செய்யத் தக்க அளவில் முனிவர் நூலை யாத்தார்.

இங்கே ஒன்றை எண்ணிப் பார்த்தல் தகும். திகம்பர முனிவர் மழைக்காலமாகிய சாதுர்மாசியத்தில் மட்டுமே ஓரிடத்தில் தங்குவர்; ஏனைய மாதங்களில் ஊர் ஊராக நடந்து செல்வர். கங்க நாடோ கன்னடமும் தெலுங்கும் தமிழும் கலந்து வழங்கிய நிலம். அத்தகைய நாட்டுத் தலைவனுக்கு நூல் செய்த முனிவர் பலருடைய வாய்மொழியையும் செவிமடுத்திருப்பார் எனக் கருதுவதில் பிழையில்லை. ஒரே சொல் ஊர்தோறும் வேறுபட்டு ஒலிப்பதைக் கேட்டவருக்கே, ஒலி எங்கே பிறக்கிறது என்னும் வினா கூர்மையாக எழும்.

அசோக மரநிழலும் அணுத்திரளும்

பவணந்தியார் எழுத்ததிகாரத்தைத் தொடங்குகையில், பூக்கள் நிறைந்த அசோக மரத்தின் நிழலில் அமர்ந்த நான்முகனை வணங்குகின்றார். சமவசரணத்தில் நாற்றிசையோருக்கும் முகம் காட்டி எழுந்தருளிய அருகப் பெருமானே அந்நான்முகன் என்பது நமக்கு விளக்க வேண்டாதது. சொல்லதிகாரத்தின் தொடக்கத்தில் முக்குடை நிழலில் வீற்றிருக்கும் பெருமானை வணங்குகின்றார். அசோக மரமும் முக்குடையும் பகவானின் எட்டுப் பிராதிகாரியங்களுள் அடங்குவன. திவ்யத்வனியும் அவ்வெட்டனுள் ஒன்று.

பகவானின் திவ்யத்வனி இதழ் அசையாமலும் நாப் புரளாமலும் பல்லும் அண்ணமும் தொழிற்படாமலும் எழுவது என்பது நம் ஆகமக் கொள்கை. கேட்போர் ஒவ்வொருவரும் அதனைத் தத்தம் மொழியில் உணர்வர். அது கேவல ஞானம் பெற்றவரின் நிலை. நம்மைப் போன்றோர் ஓர் அகரத்தை ஒலிப்பதற்கும் வாயைத் திறந்தாக வேண்டும். ஓர் உகரத்தை ஒலிப்பதற்கும் இதழைக் குவித்தாக வேண்டும். முன்னதை வணங்கித் தொடங்கிய முனிவர், பின்னதை மிகுந்த நுட்பத்தோடு ஆராய்ந்தார்.

எழுத்தொலி பிறக்கும் முறையை அவர் கூறுமாறு பின்வருமாறு சுருக்கலாம். குறைவற்ற உயிரின் முயற்சியினால் உள்ளிருக்கும் காற்று உந்தப்படுகின்றது. அதனால் ஒலி அணுக்களின் திரள் எழுகின்றது. அது மார்பு, கழுத்து, தலை, மூக்கு என்னும் நான்கிடங்களைச் சேர்கின்றது. பின்பு இதழ், நா, பல், அண்ணம் என்னும் நான்கின் தொழிலால் வெவ்வேறு எழுத்தொலிகளாக வெளிப்படுகின்றது.

தொல்காப்பியரும் இந்த எட்டு உறுப்புகளையும் கூறியவரே. கொப்பூழிலிருந்து எழும் காற்றையே அவர் முதலாகக் கொண்டார். பவணந்தியாரோ அணுத்திரளை முதற்காரணமாகக் கூறுகின்றார். இந்த ஒரு சொல்லில் சமண தரிசனம் முழுவதும் நிற்கின்றது. ஒலி ஆகாயத்தின் குணம் என்பது நியாய வைசேடிகர் கொள்கை. வேத ஒலி என்றும் உள்ளது, பிறவாதது என்பது மீமாஞ்சகர் கொள்கை. ஒலி புத்கலத்தின் பரியாயம், அஃதாவது பருப்பொருளின் ஒரு நிலை என்பது நம் கொள்கை. தத்துவார்த்த சூத்திரத்தின் ஐந்தாம் அத்தியாயத்தில் உமாஸ்வாமி ஆசாரியர் இதனைக் கூறியுள்ளார். பேச்சுக்கு உரிய நுண்ணணுத் தொகுதியைப் பாஷா வர்க்கணை என நம் நூல்கள் வழங்கும்.

இக்கால இயற்பியல், ஒலியைப் பருப்பொருள் என்னாது பருப்பொருளின் அதிர்வு என்னும். காற்றின் துகள்கள் முன்னும் பின்னும் அசைய, அவ்வசைவு அலையாகச் சென்று செவியை அடைகின்றது. துகளற்ற வெற்றிடத்தில் ஒலி இல்லை. இரண்டும் ஒன்றே எனச் சாதிக்க வேண்டுவதில்லை. ஆயினும் ஒலியைத் தெய்விக மறைபொருளாக விட்டுவிடாமல், உடலாலும் காற்றாலும் ஆக்கப்படும் ஒரு பொருளாக முனிவர் கண்டமையால்தான், அதன் பிறப்பிடத்தை விரல் வைத்துக் காட்ட அவருக்கு இயன்றது.

பன்னிரண்டு உயிர்களும் மூன்று நிலைகளும்

உயிரெழுத்து பன்னிரண்டுக்கும் இடம் கழுத்து என்பது நன்னூல். மெல்லெழுத்துக்கு மூக்கு, வல்லெழுத்துக்கு மார்பு, இடையெழுத்துக்கும் கழுத்தே. இடத்தால் ஒன்றான பன்னிரண்டு உயிர்களையும் வாயின் தொழிலால் முனிவர் மூன்று தொகுதிகளாகப் பகுக்கின்றார்.

முதல் தொகுதி அகரமும் ஆகாரமும். இவற்றுக்கு வேண்டுவது வாயைத் திறத்தல் ஒன்றே. இதற்கு அங்காப்பு என்பது இலக்கணப் பெயர். நா கீழே படிந்து கிடக்கும், இதழ் குவியாது.

இரண்டாம் தொகுதி இகரம், ஈகாரம், எகரம், ஏகாரம், ஐகாரம் ஆகிய ஐந்து. இவற்றுக்கு அங்காப்போடு இன்னொரு தொழிலும் வேண்டும். நாவினது அடிப்பகுதியின் விளிம்பு மேல்வாய்ப் பல்லைப் பொருந்த வேண்டும்.

மூன்றாம் தொகுதி உகரம், ஊகாரம், ஒகரம், ஓகாரம், ஔகாரம் ஆகிய ஐந்து. இவை இதழ் குவிதலால் பிறப்பன.

இதனை வாசிக்கும் அன்பர்கள் இப்போதே ஒரு சோதனை செய்து பார்க்கலாம். ஆகாரத்தை நீட்டி ஒலித்து, நிறுத்தாமல் ஈகாரத்திற்கு மாறுங்கள். நாவின் இரு பக்க விளிம்புகளும் உயர்ந்து மேல்வரிசைக் கடைவாய்ப் பற்களின் உட்புறத்தைத் தொடுவது தெளிவாகத் தெரியும். மீண்டும் ஆகாரத்திற்கு வந்தால் நா விலகித் தாழ்வதும் தெரியும். எண்ணூறு ஆண்டுகட்கு முன் ஒரு முனிவர், கருவி ஏதுமின்றித் தம் வாயையே ஆய்வுக்கூடமாகக் கொண்டு உறுதி செய்த உண்மை இது. இன்று ஒலியியலார் நாவில் கரித்தூள் கலவையைத் தடவி, அண்ணத்திலும் பல்லிலும் படியும் தடத்தைப் படமெடுக்கின்றனர். இகர ஒலிப்பில் அத்தடம் இரு பக்கத்துக் கடைவாய்ப் பற்களின் ஓரமாகவே விழுகின்றது.

ஐகாரத்தையும் ஔகாரத்தையும் பற்றி முனிவர் வேறோரிடத்தில் மேலும் ஒரு நுட்பம் கூறுகின்றார். அகரத்தின் பின் இகரமோ யகர மெய்யோ வந்து சேர்ந்தால் ஐகாரம் போல ஒலிக்கும். அகரத்தின் பின் உகரமோ வகர மெய்யோ சேர்ந்தால் ஔகாரம் போல ஒலிக்கும் என்பது அது. ஏனைய உயிர்களில் நா ஓரிடத்தில் நிற்கும். இவ்விரண்டில் ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்திற்குச் செல்லும்.

வடமொழிச் சிட்சை நூல்கள் ஏகாரத்தைக் கண்டமும் தாலுவும் சேர்ந்த ஒலி என்றும், ஓகாரத்தைக் கண்டமும் இதழும் சேர்ந்த ஒலி என்றும் கூறும். அம்மொழியில் குறில் எகரமும் குறில் ஒகரமும் இல்லை. தமிழில் இவை தனி எழுத்துகள். எனவே தொல்காப்பியர் வகுத்த வழியே சென்று, எகர ஏகாரங்களை இகரத்தின் இனமாகவும் ஒகர ஓகாரங்களை உகரத்தின் இனமாகவும் முனிவர் வைத்தார். வடமொழி அறிந்திருந்தும், தமிழ் ஒலியைத் தமிழின் இயல்பாலேயே அளந்த நேர்மை இது.

இன்றைய ஒலியியல் கூட்டுவன

லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் ஒலியியல் கற்பித்த டேனியல் ஜோன்ஸ் (1881–1967) உயிரொலிகளை அளக்க ஒரு முறை வகுத்தார். நாவின் எப்பகுதி உயர்கின்றது, எவ்வளவு உயர்கின்றது, இதழ் குவிகின்றதா என்னும் மூன்று வினாக்களே அதற்கு அடிப்படை. அம்முறையை நன்னூலோடு ஒப்பிட்டால் பெரும்பகுதி பொருந்துவதைக் காணலாம். இகரமும் எகரமும் நாவின் முற்பகுதி உயர்வதால் பிறப்பன. இகரத்திற்கு மிகுதியாகவும் எகரத்திற்குச் சற்றுக் குறைவாகவும் உயரும். உகரத்திற்கும் ஒகரத்திற்கும் இதழ் குவிவதோடு நாவின் பிற்பகுதியும் மெல்லண்ணத்தை நோக்கி எழும். இப்பின்னா எழுச்சியை நன்னூல் கூறவில்லை. கண்ணாடியில் காணத்தக்க இதழ்க் குவிவையே கூறியது. ஓரினத்துள் ஒன்றற்கொன்று உள்ள வேறுபாட்டை, எடுத்தும் படுத்தும் நலிந்தும் ஒலிக்கும் முயற்சியால் சிறிது சிறிது திரியும் எனப் பொதுப்பட முடித்தது.

இன்னொரு சோதனையும் உண்டு. ஊகாரத்தை ஒலித்துக்கொண்டே, நாவை அசைக்காமல் இதழ்களை மட்டும் விரித்துப் பாருங்கள். நாடு, பாட்டு, காசு என்னும் சொற்களின் இறுதியில் நாம் இயல்பாக ஒலிக்கும் குற்றியலுகரத்தின் சாயல் அங்கே தோன்றும். குற்றியலுகரத்திற்கு மாத்திரை அரை என முனிவர் அளவால் வரையறுத்தார். அவ்வுகரத்தில் இதழ் குவிவதில்லை என்பதை இக்காலத்தார் சேர்த்துக் கூறுகின்றனர். கண் இமைப்பும் கை நொடிப்பும் மாத்திரைக்கு அளவு என்பதை நாம் பள்ளியில் கற்றிருக்கின்றோம். அதுவும் நன்னூல் தந்ததே.

வாயின் நிலையே புணர்ச்சி விதி ஆதல்

எழுத்துப் பிறப்பை மனப்பாடத்திற்குரிய வறட்டுப் பகுதி என மாணாக்கர் ஒதுக்குவதுண்டு. அப்பகுதியை அறிந்தோர்க்குப் புணர்ச்சி விதிகள் எளிதாகும் என்பதற்கு உடம்படுமெய் ஒன்றே போதிய சான்று.

மணி, அழகு என்னும் சொற்கள் சேரின் மணியழகு ஆகும். பூ, அழகு என்னும் சொற்கள் சேரின் பூவழகு ஆகும். முன்னதில் யகரமும் பின்னதில் வகரமும் தோன்றியது ஏன்? இகர ஈகார ஐகாரங்களின் பின் யகரமும், பிற உயிர்களின் பின் வகரமும், ஏகாரத்தின் பின் இரண்டும் வரும் என்பது நன்னூல் விதி. வாயின் நிலையை நோக்கினால் காரணம் விளங்கும். இகரத்தை ஒலித்த நா ஏற்கனவே அண்ணத்தை நெருங்கி நிற்கின்றது. அங்கிருந்து அடுத்த உயிருக்கு நகரும்போது வழியில் யகரம் தானே பிறக்கின்றது. ஊகாரத்தை ஒலித்த இதழ் குவிந்து நிற்கின்றது. அது விரியும் வழியில் வகரம் பிறக்கின்றது. அகர ஆகாரங்களுக்கு வகரம் வருவது மரபினால் ஏற்பட்டது என்று கொள்ளலாம். இகரத்துக்கும் உகரத்துக்கும் வருவதோ வாயே வகுத்த விதி. நூலின் தொடக்கத்தில் எழுத்தின் பிறப்பைக் கூறி, பின்னர்ப் பதத்தையும் புணர்ச்சியையும் கூறிய முனிவரின் வைப்புமுறை எத்துணைப் பொருத்தமானது என்பதை இது காட்டும்.

ஓசூர்ப் பிள்ளைகளும் நன்னூலும்

1970-களில் சிப்காட் தொழிற்பேட்டை அமைந்தபின் ஓசூர் விரைந்து வளர்ந்தது. ஆரணி, வந்தவாசி, போளூர், திண்டிவனம் பகுதிகளிலிருந்து நம்மவர் தொழில் நாடிப் பெருநகரங்களுக்குச் சென்றது போலவே இவ்வெல்லைப் பகுதிக்கும் வந்தனர். இங்கே தெலுங்கும் கன்னடமும் உருதும் தொன்றுதொட்டு வழங்குவன. தொழிற்சாலைகளை நாடி வடமாநிலத்தார் வந்தபின் இந்தியும் சேர்ந்தது. 2006-ஆம் ஆண்டின் தமிழ் கற்றல் சட்டத்தால், வீட்டில் வேறு மொழி பேசும் குழந்தைகளும் முதல் வகுப்பிலிருந்து தமிழ் பயிலத் தொடங்கினர்.

இத்தகைய வகுப்பறையில் ஆசிரியர் காணும் இடர்ப்பாடுகள் சில. இந்தி பேசும் இல்லத்துக் குழந்தைக்குக் குறில் எகரமும் ஒகரமும் புதியவை. ஆதலின் எடு என்பது ஏடு ஆகும். கொடு என்பது கோடு ஆகும். தொடு என்பது தோடு ஆகும். பொருளே மாறிவிடும். தெலுங்கும் கன்னடமும் பேசும் குழந்தைக்கு இக்குறில்கள் உண்டு. ஆனால் சொல்லின் முதலில் எகரம் வந்தால் யகரத்தின் சாயலும், ஒகரம் வந்தால் வகரத்தின் சாயலும் முன்னே ஒட்டிக்கொள்ளும். நம் பேச்சுத் தமிழிலும் இப்பழக்கம் உண்டு.

நாம் ஆசிரியப் பயிற்சி பெற்ற நாளில் எழுத்துப் பிறப்பைத் தேர்வுக்காகவே மனனம் செய்தோம். பணியில் அமர்ந்த பின்னரே அதன் பயனைக் கண்டோம். பிழையாக ஒலிக்கும் குழந்தையை நோக்கித் தவறு என்று பத்து முறை கூறுவதால் பயனில்லை. அக்குழந்தையின் செவிக்கு இரண்டு ஒலிகளும் ஒன்றே. நாவையும் இதழையும் எங்கே வைப்பது என்று காட்டினால் கைமேல் பலன் கிட்டும். சிறு கைக்கண்ணாடி ஒன்றே போதும். ஒகரத்திற்கு இதழ் குவிகின்றதா என்று குழந்தையே கண்டுகொள்ளும். எகரத்திற்கு முன் நா அண்ணத்தை மிக நெருங்கினால் யகரம் கலக்கும். ஆகவே முதலில் அகரத்திற்கு வாய் திறக்கச் செய்து, அங்கிருந்து எகரத்திற்கு ஏறச் செய்தால் அக்கலப்பு நீங்கும். குறிலையும் நெடிலையும் வேறுபடுத்தக் கைநொடி உதவும்: எடு என்பதில் முதலெழுத்துக்கு ஒரு நொடி; ஏடு என்பதில் இரண்டு. இவை அனைத்தும் பவணந்தியார் கூறியவற்றின் பயன்பாடே அன்றி நம் கண்டுபிடிப்பு அல்ல.

பழைய ஏட்டெழுத்தில் குறில் எகரத்திற்கும் ஒகரத்திற்கும் மேலே புள்ளி இடுவர். நெடிலுக்குப் புள்ளி இல்லை. இம்மரபை நன்னூலும் கூறுகின்றது. இன்றுள்ள நெடில் வடிவங்களை ஏற்படுத்தியவர் பதினெட்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த வீரமாமுனிவர் என்பர். எழுத்தின் வடிவம் மாறியது. நாவின் நிலை மாறவில்லை.

நம் சமயத்தாருக்கு இதில் இன்னொரு பயனும் உண்டு. பஞ்ச நமஸ்கார மந்திரத்தின் முதலெழுத்துப் பிராகிருத மரபில் டண்ணகரமாகும். தமிழ்ச் சொற்களுள் டண்ணகரம் முதலாக வருவதில்லை என்பது நன்னூல். எனவே நம் பிள்ளைகள் அதனைத் தந்நகரமாக்கி ஒலிப்பது இயல்பே. நுனிநாவை மடித்து அண்ணத்தின் நடுவே தொடச் செய்தால் நொடியில் திருந்திவிடும்.

நூலின் நெடும்பயணம்

நன்னூலுக்கு முன்பே குணவீர பண்டிதர் என்னும் சமணர் நேமிநாதம் செய்திருந்தார். அமிதசாகரர் யாப்பிலக்கணம் தந்திருந்தார். இவ்வரிசையில் வந்த நன்னூல் மற்றவற்றினும் மிகுதியாகப் பரவியது. சமணராகிய மயிலைநாதர் முதலில் உரை கண்டார். பின்னர்ச் சைவராகிய சங்கர நமச்சிவாயர் 17-ஆம் நூற்றாண்டில் விரிவான உரை வகுத்தார். அதனைத் திருத்தி விருத்தியுரையாக்கியவர் சிவஞான முனிவர். ஆறுமுக நாவலர் (1822–1879) மாணாக்கருக்கு ஏற்ற காண்டிகையுரை தந்தார். மயிலைநாதர் உரையை உ.வே. சாமிநாதையர் 1918-இல் அச்சேற்றினார். அசோக மரநிழலில் அமர்ந்தவரை வணங்கித் தொடங்கும் ஒரு நூலைச் சைவப் பெரியோர் இவ்வாறு காத்தளித்தது, கல்வியில் அவர்கள் கொண்ட பெருந்தன்மையைக் காட்டும். நன்றியுடன் நினைக்கத்தக்கது அது.

நூலின் பொதுப் பாயிரத்தில் ஆசிரியருக்கும் மாணாக்கருக்கும் கூறப்பட்ட உவமைகளை ஆசிரியத் தொழிலில் இருந்தோர் மறக்க இயலாது. நல்லாசிரியருக்கு நிலமும் மலையும் துலாக்கோலும் மலரும் உவமை. கழற்காய் நிறைத்த குடம் ஆகாத ஆசிரியருக்கு உவமை. உள்ளே இட்டது ஒரு வரிசை, வெளியே வருவது வேறு வரிசை. எழுத்தின் பிறப்பு முதல் சொற்புணர்ச்சி வரை படிப்படியாகச் சொல்லிச் சென்ற முனிவர், தாம் வகுத்த நல்லாசிரியர் இலக்கணத்திற்குத் தாமே எடுத்துக்காட்டாக நிற்கின்றார்.

நாம் கைக்கொள்ள வேண்டுவது

ஒலி பிறப்பதற்கு முதலில் உயிரின் முயற்சி வேண்டும் என்று முனிவர் கூறியதை மீண்டும் நினைவுகூர்வோம். மனம், மொழி, மெய் ஆகிய மூன்றன் யோகத்தால் வினை வந்து சேரும் என்பது நம் நெறி. ஆதலின் நாக் காத்தல் நமக்கு அறத்தின் பாற்படும். முனிவர்க்கு வாக் குப்தியும் பாஷா சமிதியும் விதிக்கப்பட்டன. வாயினின்று வரும் ஒவ்வொரு சொல்லையும் அளந்து பேசும் நோன்புடைய ஒருவர், அச்சொல்லின் ஒவ்வோர் எழுத்தும் எங்கே பிறக்கிறது என ஆராய்ந்ததில் வியப்பில்லை. இலக்கணமும் ஒழுக்கமும் அவரிடத்தில் ஒரே விழிப்பின் இரு பக்கங்களாக இருந்தன.

ஆதிபகவன் தம் மகள் பிராமிக்கு எழுத்தையும் சுந்தரிக்கு எண்ணையும் கற்பித்தார் என்று நம் புராணம் கூறும். தந்தை மகளுக்கு வீட்டிலேயே கற்பித்த கல்வி அது. இன்று நம் பிள்ளைகளுள் பலர் ஆங்கிலவழிப் பள்ளிகளில் பயில்கின்றனர். தமிழ்ப் பாடம் வாரத்தில் சில மணி நேரமே. எஞ்சியதை இல்லமே ஈடு செய்தல் வேண்டும். மாலை விளக்கேற்றிய பின் கால்மணி நேரம் பேரனையும் பேத்தியையும் அருகமர்த்தி, நம் நூல்களில் ஒரு பக்கத்தை உரக்கப் படிக்கச் செய்யுங்கள். பிழை நேரும் இடத்தில் கடிந்துகொள்ளாமல், வாய் திறக்கும் எழுத்து எது, நா விளிம்பு பல்லைத் தொடும் எழுத்து எது, இதழ் குவியும் எழுத்து எது என்று அவர்களையே கண்டுபிடிக்கச் செய்யுங்கள். குழந்தைகளுக்கு அது விளையாட்டாகவே இருக்கும்.

எல்லை ஊரில் பல மொழிகள் கற்பது நற்பேறு. எந்த மொழியையும் குறைவாக எண்ணுதல் நம் நெறிக்கு ஒவ்வாது. கோலார்க் கங்கனுக்காகத் தமிழ் இலக்கணம் செய்த முனிவரின் வாழ்வே அதற்குச் சான்று. பல மொழிகளுக்கு நடுவே தம் மொழியின் ஒலியைத் தெளிவாக ஒலிக்கும் மக்களை வளர்த்தலே பவணந்தியாருக்கு நாம் செலுத்தும் உண்மையான வணக்கமாகும்.